திரும்பி வரும் தட்டுகள்

ஜூன் 3

நகராட்சி உணவுத் திட்ட அதிகாரி அம்மாவுக்கு,

பொதுச் சமையற்கூடத்தின் தலைமைச் சமையல்காரி எழுதிக்கொள்வது. நேற்று கூடத்தில் வேலை செய்கிற என் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும், "வாய்ப்பேச்சு வேண்டாம் அண்ணி, குறை இருந்தா எழுத்துல குடுங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனாய். இதோ எழுத்து. பள்ளிக்கூடத்தில் நான் மார்க் வாங்கியது கையெழுத்துக்கு மட்டும்தான். ஆகவே படிக்க உனக்குச் சிரமமிருக்காது.

நீ கொடுத்தனுப்பிய உப்புக் கரண்டி, குழந்தைக்கு மருந்து புகட்டுகிற கரண்டி அளவு இருக்கிறது. ஓர் அண்டா பருப்புக்கு எத்தனை கரண்டி என்று சுவரில் வேறு ஒட்டியிருக்கிறாய். அதன்படியே போட்டேன். பள்ளிக்கூடங்களுக்குப் போன சாப்பாடு போன வேகத்தில் திரும்பி வந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பெரியவர்கள் சொன்னபோது உன்னைப் போல ஓர் அதிகாரி பக்கத்தில் இல்லை, இருந்திருந்தால் அதையும் எழுத்தில் கேட்டிருப்பாய். எண்ணெயைப் பற்றி நான் பேசவே போவதில்லை. வாணலிக்குப் பொட்டு வைக்கிற மாதிரி ஒரு சொட்டு.

அதைவிட வேடிக்கை, பின்வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கிற தராசு. தட்டுகளில் திரும்பி வருகிற மிச்சத்தை வாளியில் கொட்டி உன் ஆள் எடை போடுவாராம். மிச்சம் வரம்பைத் தாண்டிக்கொண்டே இருந்தால் சமைக்கிறவள் சரியில்லை என்று அர்த்தமாம், சமையற்கூடத்தை வெளி ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்துவிடுவீர்களாம். கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டு இவளுக்கு நீச்சல் தெரியவில்லை என்று சொல்கிற நியாயம் இது. இங்கே வேலை செய்கிற பெண்களில் பாதிப் பேருக்கு வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது. அது உனக்கும் தெரியும்.

இந்தத் திட்டம் எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் பிறந்தது. உன் அண்ணன் பக்கவாதத்தில் விழுந்து, ஒரு பக்கமும் பேச்சும் போய்க் கிடந்த அன்று, டாக்டர் முன்னால் நீ சொன்னாய், "எங்க அண்ணி கை உப்புதான் அண்ணனைச் சாய்ச்சுது" என்று. என் ஒருத்திமேல் உள்ள கோபத்துக்கு ஊருக்கே சட்டம் போட்டுவிட்டாய். வீட்டில் வைத்தால் மறுபடியும் என் கைச்சாப்பாடுதானே என்று அவரை நகராட்சிப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தாய். நான் கையெழுத்துப் போட மறுத்தேன். கூடப்பிறந்தவள் என்று பொறுப்பாளர் இடத்தில் நீ போட்டாய். அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று அன்றைக்கே சொன்னேன், இன்றுவரை மிதிக்கவில்லை. இதில் சிரிப்பு என்னவென்றால், அந்த இல்லத்துக்கும் சாப்பாடு என் அடுப்பிலிருந்துதான் போகிறது.

உப்பைக் கூட்டு. அல்லது தராசை எடு. இரண்டில் ஒன்று செய்.

உன் அண்ணி


ஜூன் 9

அண்ணிக்கு,

எழுத்தில் கொடுத்ததற்கு நன்றி. பதிலையும் எழுத்திலேயே தருகிறேன்.

இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கே இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். பால்பல் விழுவதற்கு முன்பே சொத்தையாகிவிடுகிறது. ஊரைச் சுற்றித் தோட்டம் வைத்திருப்பவர்கள் கீரையையும் கேரட்டையும் விற்க முடியாமல் மண்ணோடு சேர்த்து உழுதுவிடுகிறார்கள். நாம் என்னடாவென்றால் எங்கிருந்தோ லாரியில் வரும் வாடின காயை வாங்கிக்கொண்டிருந்தோம். சமைத்ததில் பெரும்பங்கு குப்பை மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக் காய், பள்ளி வாசலில் இனிப்புப் பானங்களுக்குத் தடை, உப்புக்கும் எண்ணெய்க்கும் அளவு, மிச்சத்துக்கு எடை. இதைத்தான் திட்டம் என்கிறோம். இதில் உங்கள்மேல் கோபம் எங்கே வந்தது?

உப்பைக் குறைத்தால் வேறு வழியில் ருசியைக் கூட்டலாம். எலுமிச்சை பிழியலாம். பூண்டைச் சுட்டு நசுக்கிப் போடலாம். மிளகு இருக்கிறது, புளிப்பு இருக்கிறது, காயை வேகவைக்காமல் அனலில் வாட்டலாம். இதற்கெல்லாம் நான் கட்டுப்பாடு வைக்கவில்லை. உங்களுக்கு இது தெரியாது என்று சொன்னால் உங்கள் பெண்களே நம்பமாட்டார்கள். செய்ய மனமில்லை என்றால் அப்படி எழுதுங்கள்.

உப்பு அளவு மாறாது. தராசும் அங்கேயேதான் இருக்கும். நாம் இரண்டு பேரும் பேசுவதைவிட அது பேசுவது நல்லது. அது உறவு பார்க்காது.

அண்ணனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். ஜன்னலோரப் படுக்கை. எடை குறைந்திருக்கிறது, டாக்டருக்குத் திருப்தி. உங்கள் வீட்டில் இருந்தபோது பொத்தான் போட முடியாத அந்தச் சாம்பல் நிறச் சட்டை இப்போது தாராளமாக இருக்கிறது. வராந்தாவில் நான் சொன்னதைத் திரும்பப் பெறுவதாக இல்லை.

நாத்தனார்


ஜூலை 14

அதிகாரி அம்மாவுக்கு,

உன் ஆள் வந்து எடை போட்டுவிட்டு இப்போதுதான் போனார். வாளியைத் தூக்கிப் பார்த்து, "என்னக்கா, ஒண்ணுமே இல்ல?" என்றார். "பசங்க நல்லா சாப்பிடுறாங்க தம்பி" என்றேன். அவர் உன்னைவிட நல்லவர், நம்பிவிட்டார்.

வரம்பைத் தாண்டினால் கதவை மூடிவிடுவதாகப் போன மாதம் உன் அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. இந்த மாதம் வரம்பில் பாதிகூட வரவில்லை. உன் கரண்டியால்தான் அளக்கிறேன். ஒரு கல் உப்பு கூட்டவில்லை, வந்து சோதித்துக்கொள். எலுமிச்சையும் பூண்டும் உன் யோசனை, அதை உன் வீட்டில் செய்துகொள். நீ கேட்டது கிடைத்துவிட்டது. இனி என் அடுப்புப் பக்கம் தலைகாட்டாதே.

அவர் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டதாகவும் நினைத்துக்கொள்ளாதே. மாத்திரையைக் கையில் கொடுத்தால் தலையணைக்கு அடியில் ஒளித்துவிடுவார், அதை மட்டும் அங்கே இருக்கிறவர்களிடம் சொல்லிவை. சொல்லாவிட்டாலும் எனக்கென்ன.

உன் அண்ணி


ஆகஸ்ட் 20

அண்ணிக்கு,

வாழ்த்து சொல்லத்தான் எழுதுகிறேன். வேறெதையும் தேடாதீர்கள்.

நம் ஊரில் உணவு மிச்சம் குறைந்திருக்கும் வேகத்தை மற்ற நகராட்சிகள் நம்ப மறுக்கின்றன. அடுத்த மாதம் பல ஊர்களிலிருந்து தலைவர்களும் அதிகாரிகளும் நேரில் பார்க்க வருகிறார்கள். உங்கள் கூடத்துக்குத்தான் முதலில் கூட்டி வருவேன். வெள்ளைத் தொப்பி, வெள்ளை மேலங்கி அனுப்புகிறேன். என் பக்கத்தில் நீங்கள் நிற்கவேண்டும். உப்பைக் குறைத்தால் மக்கள் சாப்பிடமாட்டார்கள் என்று சபையில் மேசையைத் தட்டியவர்கள் இப்போது வாயைத் திறப்பதில்லை. அதில் உங்களுக்கும் பங்கு உண்டு, அதை மறுக்க நான் அவ்வளவு சின்னவள் இல்லை.

பராமரிப்பு இல்லத்திலிருந்து மிச்சமே திரும்பவில்லை என்று கணக்கு சொல்கிறது. பல் இல்லாதவர்கள், பிடிவாதக்காரர்கள், எதைக் கொடுத்தாலும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிற இடம் அது. அவர்களையே சாப்பிட வைத்திருக்கிறது இந்தத் திட்டம்.

அண்ணன் நலம். இன்னும் மெலிந்திருக்கிறார். டாக்டர்கள் சில சோதனைகள் செய்கிறார்கள், வழக்கமானவைதான். நீங்கள் கவலைப்படுவதுபோல் நடிக்கவேண்டாம் என்பதால் விவரம் எழுதவில்லை. மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

ஒரு பத்திரிகைக்காரர் பேட்டி எடுத்துப் போயிருக்கிறார். அடுத்த வாரம் வரும்.

நாத்தனார்


செப்டம்பர் 2

அடி என் பத்திரிகை மகாராணியே,

பேட்டியைப் படித்தேன். என் பெண்களில் ஒருத்தி வாய்விட்டுப் படித்தாள், மற்றவர்கள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். "என் அண்ணன் வீட்டு அடுப்படியில் நான் கண்ட அறியாமைதான் இந்தத் திட்டத்துக்கு விதை" என்றாயாம். படித்தவள் அங்கேயே நிறுத்திவிட்டாள். அடுத்த வரியை என்னிடம் காட்டாமல் தாளை மடித்தாள். பிடுங்கிப் பார்த்தேன். "அன்பு என்ற பெயரில் ஒரு மனிதனை மெல்ல மெல்லக் கொல்லலாம்." என் படத்தையும் போட்டிருக்கலாமே, ஏன் விட்டாய்?

இப்போது நான் சொல்கிறேன், கேள்.

உன் மிச்சம் குறையவே இல்லை. ஒரு நாளும் குறையவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் சோற்றையே மறைத்தேன். உன் எடைக்காரர் வருவதற்கு முன்னால் பன்றிப்பண்ணைக்காரர் பின்வாசலில் வண்டியை நிறுத்துவார். பள்ளிகளிலிருந்து வந்தது, இல்லத்திலிருந்து வந்தது எல்லாவற்றையும் அவருடைய பீப்பாயில் கொட்டிவிட்டு, பேருக்குக் கொஞ்சம் உன் வாளியில் போடுவோம். பிள்ளைகள் உன் ஆரோக்கியச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. தெருமுனைக் கடையில் பாக்கெட் வாங்கித் தின்கிறார்கள். ஊரிலேயே ஆரோக்கியமாக இருப்பது அந்தப் பன்றிகள்தான். பண்ணைக்காரர் உனக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

எலுமிச்சையும் பூண்டும் எனக்குத் தெரியும். நீ பிறந்து பால் குடிக்கிற காலத்திலேயே தெரியும். வேண்டுமென்றேதான் போடவில்லை. உன் பெயரைச் சொல்லி ஊர் துப்பட்டும் என்று சப்பென்று சமைத்தேன், என் பெண்களின் வேலை போகக்கூடாது என்று துப்பினதை மறைத்தேன். உன் சட்டமும் நின்றது, என் அடுப்பும் எரிந்தது. தின்கிறவன் பாடு தின்கிறவனோடு.

உன் இல்லத்தையே எடுத்துக்கொள். மிச்சமே இல்லை என்று பீற்றிக்கொண்டாயே. அங்கே ஒரு துரை இருக்கிறார். தினமும் அவர் தட்டு போனது போலவே திரும்பி வருகிறது, ஒரு பருக்கை கலைவதில்லை. கூடவே கைப்பிடி வளைந்த ஒரு கரண்டி, அதில் ஈரம்கூட இருக்காது. என்ன கொழுப்பு பார் என்று நானே என் கையால் வழித்துப் பீப்பாயில் போடுவேன்.

அந்தப் பேட்டியில் சொன்னது தவறு என்று அதே பத்திரிகையில் எழுது. எழுதாவிட்டால் உன் விருந்தாளிகள் வருகிற அன்று பண்ணைக்காரரையும் வெள்ளைத் தொப்பி போட்டு என் பக்கத்தில் நிறுத்துவேன்.

உன் அறியாமை பிடித்த அண்ணி


செப்டம்பர் 4

அண்ணி,

இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

கைப்பிடி வளைந்த கரண்டி அந்த இல்லத்தில் ஒரே ஒருவருக்குத்தான் கொடுக்கிறார்கள். கையில் பிடிப்பு இல்லாதவர்களுக்கான கரண்டி அது. நான்தான் தேடி அலைந்து வாங்கிக் கொடுத்தேன். அண்ணனுக்கு.

எடை இறங்கிக்கொண்டே போவதற்குக் காரணம் தேடி டாக்டர்கள் அவரைத் துளைத்தெடுத்துவிட்டார்கள். தொண்டையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றிலிருந்து சதையெடுத்து அனுப்பினார்கள். புற்றாக இருக்குமோ என்று வாரக்கணக்கில் தேடினார்கள். "ஒழுங்கா சாப்பிடுறாரா?" என்று ஒவ்வொரு தடவையும் என்னைத்தான் கேட்டார்கள். நான் ஒவ்வொரு தடவையும் மிச்ச எடையைக் காட்டினேன். தட்டு காலியாகத்தான் போகிறது, சாப்பாடு காரணமில்லை, வேறு எங்காவது தேடுங்கள் என்று அடித்துச் சொன்னேன். பணியாள்களைக் கேட்டால் "சாப்பிட்டாரும்மா" என்பார்கள். ஒரு மாடிக்கு இரண்டு பேர். தட்டை வைப்பார்கள், எடுப்பார்கள். காலையில் அவர்கள் பிடித்து ஊற்றும் பாலில்தான் இவ்வளவு நாள் உயிர் நின்றிருக்கிறது.

இப்போது அவர் எலும்பாக இருக்கிறார். உங்களுக்கு நான் எழுதாதது இதுதான். எழுதினால் வெற்றி உங்களுடையது ஆகிவிடும் என்று நினைத்தேன்.

ஆனால் ஒன்று தெளிவாக இருக்கட்டும். உங்கள் புருஷன் சாப்பாட்டைப் பன்றிக்குப் போட்டது நீங்கள். நானில்லை.

பேட்டிக்கு மறுப்பு எழுதமாட்டேன். விருந்தினர்கள் வந்து போகும்வரை நீங்களும் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தால் திட்டம் போகும், உங்கள் கூடம் போகும், உங்கள் பெண்கள் தெருவுக்கு வருவார்கள். அண்ணனுக்கு ஊட்டிவிடத் தனியாக ஆள் போட்டுவிட்டேன்.

நாத்தனார்


செப்டம்பர் 6

அவர் தட்டுதான்.

வழிக்கும்போது நான் திட்டினேன். "எந்த மகாராஜாடா இவன், கை படாம அனுப்புறான்" என்று கேட்டேன், பெண்கள் சிரித்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. மாதக்கணக்கில் திட்டியிருக்கிறேன்.

இன்று அந்த வாசலை மிதித்தேன். உப்பு போட்டு, எண்ணெய் விட்டு, அவருக்குப் பிடித்தபடி சமைத்துத் தூக்கில் எடுத்துப் போனேன். காவலாளி உள்ளே விடவில்லை. வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதியில்லையாம், அது உன் சட்டமாம். சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டுப் போகிறேன், பார்க்கவாவது விடு என்றேன். பொறுப்பாளர் எழுதிக் கொடுத்த பட்டியலில் உங்கள் பெயர் இல்லையே அம்மா என்றார். புருஷனைப் பார்க்க நாத்தனாரிடம் சீட்டு வாங்கவேண்டிய பெண்டாட்டி உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

அவரை என்னிடம் அனுப்பு. உன் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். போடு.


செப்டம்பர் 8

அண்ணிக்கு,

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் இத்துடன் இருக்கும் வாக்குமூலத்தில் நீங்கள் போடவேண்டும். சமையற்கூடத்து மிச்சத்தை எடைக்கு முன் அகற்றியது நீங்கள் மட்டுமே என்றும், திட்ட அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியாது என்றும், இதனால் பதவி விலகுகிறீர்கள் என்றும் அதில் இருக்கிறது. விருந்தினர்கள் ஊர் திரும்பிய பிறகுதான் அதை மேலே அனுப்புவேன். உங்களைக் காவல்நிலையம் வரை இழுக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கூடம் ஒப்பந்தக்காரருக்குப் போகும். அதை என்னால் தடுக்க முடியாது, தடுக்கப்போவதும் இல்லை.

இது கொடுமை என்று நீங்கள் எழுதுவீர்கள். கொடுமைதான். யாராவது ஒருவர் பெயரில் இந்தத் தவறு நிற்கவேண்டும். செய்தவர் பெயரில் நிற்கட்டும் என்கிறேன். பக்கத்துத் தோட்டக்காரர்களிடமிருந்து காய் வாங்குகிறோம், பள்ளி வாசலில் அந்தப் பானங்கள் இல்லை. இதெல்லாம் உண்மை. உங்கள் பன்றிப் பீப்பாயில் இதையும் சேர்த்துக் கொட்ட நான் விடமாட்டேன்.

ஊட்டிவிட நான் போட்ட ஆளிடமும் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. பணியாள்களை நேற்று உட்காரவைத்துக் கேட்டேன். இப்போதுதான் ஒருத்தி சொன்னாள். தட்டு வந்ததும் அவர் கை வைக்கமாட்டாராம், அறை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாராம். ஆறி அவிந்து எடுத்துப்போகும்வரை பார்ப்பாராம். உங்களுக்காகத்தான் காத்திருந்திருக்கிறார் போல. வீறாப்பாக வாசலை மிதிக்கமாட்டேன் என்றீர்களே, அதை நினைத்துக்கொண்டே கையெழுத்துப் போடுங்கள்.

நாத்தனார்


செப்டம்பர் 9

போட்டுவிட்டேன். 'அறியாமல் செய்துவிட்டேன்' என்று எனக்காக எழுதி வைத்திருந்தாய். அதை அடித்துவிட்டு 'தெரிந்தே செய்தேன்' என்று எழுதியிருக்கிறேன். உன் தயவு எனக்கு வேண்டாம்.

சாவியை எடைக்காரரிடம் கொடுத்தாயிற்று. நாளைக் காலை வண்டியோடு இல்லத்து வாசலில் நிற்பேன். நீ அங்கே இருக்காதே.


நவம்பர் 17

அன்புள்ள அண்ணிக்கு,

வீடு மாறிவிட்டீர்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். உங்கள் பெண்களில் ஒருத்தியைக் கெஞ்சி இதைக் கொடுத்தனுப்புகிறேன். எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்ல அவள் மறுத்துவிட்டாள்.

விருந்தினர்கள் வந்தார்கள், கைதட்டினார்கள். பாராட்டுக் கேடயம் என் மேசைமேல் இருக்கிறது. உங்கள் வாக்குமூலத்தை மேலே கோப்பில் வைத்து மூடிவிட்டார்கள். மற்ற ஊர்களும் இதே திட்டத்தைத் தொடங்கப்போகின்றன. ஒப்பந்தக்காரர் உங்கள் பெண்களில் சிலரை வைத்துக்கொண்டார், மற்றவர்கள் என் அறை வாசலில் வந்து நின்று உங்களைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். அவருடைய மிச்சமும் குறைவாகத்தான் வருகிறது. பின்வாசலுக்கு நான் போய்ப் பார்க்கவில்லை.

அண்ணி, அண்ணனை ஒரு தடவை பார்க்கவேண்டும். அவர் இல்லத்தில் இருந்தபோது, நினைத்த நேரத்தில் பார்க்கலாம் என்பதால் எப்போதாவதுதான் போனேன். போனபோதும் எடை பார்க்கும் நேரத்துக்குப் போய், அட்டையைப் பார்த்துவிட்டு வந்தேன். சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள்கூடப் பக்கத்தில் உட்காரவில்லை. எனக்கு எப்போதும் ஏதாவது கூட்டம் இருந்தது.

இப்போது வீட்டில் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கு இறங்கமாட்டேன் என்கிறது. அவர் சாப்பிடுகிறாரா? அதை மட்டுமாவது எழுதுங்கள். ஒரே வார்த்தை போதும்.

உங்கள் நாத்தனார்


நவம்பர் 25

நாத்தனாருக்கு,

சாப்பிடுகிறார். நீ கேட்ட ஒரு வார்த்தை அது. மீதியையும் எழுதுகிறேன், நீ எழுத்தில் கேட்கப் பழகியவள்.

இங்கே கொண்டுவந்த முதல் நாள், குழைய வேகவைத்து, உப்பும் நெய்யும் அவருக்கு எப்படி வேண்டுமோ அப்படிப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். உனக்காகக் காத்திருந்தார் என்று எழுதியிருந்தாயே, குத்தத்தான் எழுதினாய். எனக்கென்னவோ உன் கடிதங்களிலேயே அந்த ஒரு வரிதான் பிடித்தது. அந்த வரிக்காகத்தான் என் அடுப்பை விட்டுக்கொடுத்தேன் என்றுகூடச் சொல்வேன். இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் எனக்காகக் காத்திருந்தார் என்று ஒருத்தரும் என்னிடம் சொன்னதில்லை.

வாயைத் திறக்கவில்லை. கரண்டியை உதட்டருகே கொண்டுபோனால் இறுக்கி மூடிக்கொள்வார். நான் கண்ணுக்கு நேரே உட்கார்ந்திருக்கிறேன், அவர் என் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்க்கிறார். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதோ என்று கதவைச் சாத்தினேன். சாத்திய கதவைப் பார்த்தார். கொஞ்சினேன், அழுதேன், ஒரு தடவை கையை ஓங்கிவிட்டேன். டாக்டர் குழாய் போடவேண்டியதுதான் என்றார்.

அப்புறம் ஒரு நாள் பேச்சு வந்தது. ஒரே சொல். வாய் கோணிக்கொண்டு வந்தது, ஆனால் தெளிவாக வந்தது. "பாப்பா."

அது உன்னைக் கூப்பிடுகிற பெயர். அவரைத் தவிர யாரும் கூப்பிடாத பெயர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கல்யாணமாகி வந்த புதிதிலும் இதே கூத்துதான். அப்பா அம்மா போன பிறகு தூக்கி வளர்த்த தங்கச்சி, அவள் பள்ளிக்கூடம் விட்டு வராமல் அண்ணன் சாப்பிடமாட்டார். அப்புறம் காலேஜிலிருந்து, அப்புறம் ஆபீசிலிருந்து. "பாப்பா வந்துரட்டும்" என்று தட்டின் முன்னால் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் பரிமாறின கரண்டியோடு நின்றுகொண்டிருப்பேன். என்ன பாசம் என்று ஊர் மெச்சியது. நான் ஒரு நாளும் மெச்சவில்லை. இல்லத்தில் தட்டு முழுசாகத் திரும்பியதற்கு உன் உப்பும் காரணமில்லை, என் உப்பும் காரணமில்லை. நீ வந்து உட்காருவாய் என்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். நீ கூட்டத்தில் இருந்தாய்.

உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். ஒரு போன் போதும், ஓடி வந்திருப்பாய், நீ முகத்தைக் காட்டினால் அவர் வாயைத் திறந்திருப்பார். போனைக் கையில் எடுத்தேன். எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். வேலையைக் கொடுத்து, பேரைக் கொடுத்து, என் பெண்களின் சாபத்தை வாங்கிக்கொண்டு நான் கூட்டிவந்த மனுஷன். அவர் சாப்பிட்டால் என் முகத்தைப் பார்த்துச் சாப்பிடட்டும்.

அவர் காதோரம் குனிந்து, "பாப்பா செத்துப்போச்சுங்க" என்றேன்.

எப்படி என்று கண்ணால் கேட்டார். ஆபீஸ் வண்டி மோதி, வலி தெரியாமல், உங்களைத்தான் கடைசியில் கேட்டாளாம் என்று சொன்னேன். அழுதார். அவருக்கு ஒரு பக்க முகம்தான் அழும், மறுபக்கம் தூங்குவதுபோல் இருக்கும். இரண்டு நாள் அழுதார். நான் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் கரண்டியைக் கொண்டுபோனபோது வாயைத் திறந்தார். அதற்கப்புறம் ஒரு வேளை தவறவில்லை. வாசலையும் பார்ப்பதில்லை. நான் கொஞ்ச நேரம் கண்ணில் படாவிட்டால் ஊம் ஊம் என்று தேடுகிறார்.

கன்னம் கொஞ்சம் பூசியிருக்கிறது. பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நெஞ்சு மட்டும் பலவீனமாம், இன்னொரு அதிர்ச்சியைத் தாங்காதாம்.

வீட்டு முகவரியை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நான் எதையும் ஒளிக்கவில்லை. நீ வரலாம். செத்துப்போனவள் திடீரென்று எதிரே வந்து நின்றால் அவருக்கு என்ன ஆகும் என்று மட்டும் யோசித்துக்கொள், நீ படித்தவள். பகலில் கதவைத் தாழ் போடுவதில்லை.

உன் அண்ணி